கார் சாவி பழுதா? உடனே புதுசு வாங்காதீங்க!



பீரோ சாவி, கேட் சாவி, அரிசி மூட்டை வைத்திருக்கும் ரூம் சாவி எல்லாமே நம்மிடம்தான் இருக்கிறது. எது எந்தப் பூட்டுக்கு, எது கொஞ்சம் மக்கர் பண்ணும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். ஆனால் கார் சாவி என்றால் மட்டும் "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். இது சரியில்லை என்பது என் கருத்து.

எங்கள் வேலம்பாளையம் பக்கம் பல வீடுகளில் ஆண்கள் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விடுவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் காரோடு பெண்கள் பொறுப்புதான். ரிமோட்டை அமுக்கினால் கதவு திறக்கவில்லை என்றால் நாம் ரோட்டில் நின்று யாருக்காவது போன் போடுகிறோம். கடையில் "செட்டே போயிருச்சுங்க, புதுசுதான் போடணும்" என்றால் தலையாட்டுகிறோம்.

என் நாத்தனாருக்கு இதுதான் நடந்தது. ஒரு கடையில் ரிமோட்டைக் கையில்கூட வாங்கிப் பார்க்காமல் ஏழாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். வீட்டில் இருந்த இரண்டாவது சாவியை எடுத்து அமுக்கிப் பார்த்தோம். கதவு திறந்தது. அப்படியானால் காரில் கோளாறு இல்லை, பழைய சாவியில்தான் இருக்கிறது. அதில் பேட்டரியை மாற்றினோம், சரியாகிவிட்டது. ஒரு நாள் காய்கறிச் செலவுகூட ஆகவில்லை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டின் சாவி வெறும் இரும்புதான். கார் சாவி அப்படியில்லை, ஒரு சாவிக்குள் மூன்று சாவி இருக்கிறது. முதலாவது இரும்புச் சாவி, அது கதவைத் திறக்கும். இரண்டாவது ரிமோட், இது பேட்டரியில் ஓடும். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன சிப். இன்ஜினை ஸ்டார்ட் பண்ண அனுமதி கொடுப்பது இதுதான். திருட்டைத் தடுக்க ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள். சாவியைப் போட்டுத் திருகும் கார்களில் இந்த சிப்புக்குப் பேட்டரியே வேண்டாம். அதனால் ரிமோட் செத்துப்போனாலும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணலாம். சில கார்களில் அலாரம் கத்தும், பதற வேண்டாம். சாவியைப் போட்டுத் திருகினால் நின்றுவிடும்.

பட்டன் அமுக்கி ஸ்டார்ட் பண்ணும் கார்களிலும் வழி உண்டு. அந்த ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவிக் கதவைத் திறக்க வேண்டும். பிறகு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டினாற்போல் வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு அமுக்கினால் பல கார்கள் கிளம்பிவிடும். உங்கள் காரில் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று காரோடு கொடுத்த புத்தகத்தில் படம் போட்டிருக்கும். அதை ஒரு மத்தியானம் புரட்டிப் பாருங்கள்.

பழுது பார்க்கும் வரிசை இதுதான். முதலில் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் கோளாறு காரின் பேட்டரியிலோ வேறு பாகத்திலோ இருக்கலாம். அது வேலை செய்தால் முதல் சாவியின் பேட்டரியை மாற்றுங்கள். கிட்டே போனால்தான் திறக்கிறது, ரிமோட்டில் விளக்கு மங்கலாக எரிகிறது என்றால் அநேகமாகப் பேட்டரிதான். பழைய பேட்டரி மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். சி.ஆர். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் கனம் குறைவு, உள்ளே ஆடும்.

பேட்டரி புதுசு போட்டும் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லையா? ரப்பரோ அதன் கீழே உள்ள சுவிட்சோ தேய்ந்திருக்கும். செல்போன் ரிப்பேர் பண்ணுகிறவர்களில் கைத்திறமை உள்ளவர் அந்தச் சுவிட்சை மட்டும் மாற்றித் தருவார். மேல்கூடு உடைந்திருந்தால் கூட்டை மட்டும் மாற்றலாம். ஆனால் ஒன்று கவனம் சகோதரிகளே, சில சாவிகளில் அந்தச் சின்ன சிப் பழைய கூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் குப்பையில் போட்டுவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

கழற்றிய பேட்டரியை மேஜைமேல் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழைய பேட்டரியை டேப் சுற்றி, எட்டாத உயரத்தில் வைத்து, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகாவிட்டால், அல்லது சாவி தொலைந்தே போனால், புதுசு வாங்கத்தான் வேண்டும். ஷோரூமுக்கு ஆர்.சி. புக், அடையாள அட்டையோடு, வீட்டில் மிச்சமிருக்கும் சாவியையும் கொண்டு போங்கள். தொலைந்த சாவியைக் காரின் நினைவிலிருந்து அழித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் அது யார் கையில் கிடைக்கிறதோ அவரும் வண்டியை எடுக்கலாம். போலீசில் எழுதிக் கொடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். நாளைக்குக் கார் திருடு போனால் அவர்கள் எல்லாச் சாவிகளையும் கேட்பது வழக்கம். சாவிக்கென்று தனியாகச் சேர்த்துக்கொள்ளும் காப்பீடும் இருக்கிறது. புதுப்பிக்கும்போது விசாரியுங்கள். பழைய கார் வாங்கினால் இரண்டு சாவியும் கைக்கு வந்த பிறகு முழுப்பணத்தைக் கொடுங்கள்.

கம்பெனியில் ஒரு பெண் பீஸ் கணக்கில் உழைத்து ஏழாயிரம் சேர்க்க எத்தனை நாள் ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தை "செட்டே போயிருச்சு" என்ற ஒரு வார்த்தைக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டுமா? கடைக்காரரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. "எது போயிருக்கு? பேட்டரியா, பட்டனா, சிப்பா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும். வீட்டுக்காரர் மேஜை டிராயரில் தூங்கும் இரண்டாவது சாவியை இன்றைக்கே வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள்.

— ஓர் இல்லத்தரசி, வேலம்பாளையம், திருப்பூர்.