நிலவின் வரைபடமும் பொதுக் கிணறும்



1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 கலம் நிலவில் இறங்கியபோது, தானியங்கிக் கருவி அதனைப் பாறைகள் நிறைந்த ஒரு பள்ளத்தை நோக்கிக் கொண்டுசென்றது. ஆம்ஸ்ட்ராங் தாமே கலத்தைச் செலுத்திச் சமமான இடம் தேடி இறக்கினார். 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் 5 ஆளில்லாக் கலங்கள் நிலவைப் படமெடுத்துத் தந்திருந்தும் நிலைமை அதுதான்.

மனிதர் மீண்டும் அங்கே செல்ல இன்னும் துல்லியமான வரைபடம் தேவைப்பட்டது. அதற்காக நாசா 2009 ஜூன் 18 அன்று எல்.ஆர்.ஓ. என்னும் ஆளில்லா விண்கலத்தை அனுப்பியது. ஒரு மேசை அளவுள்ள பாறையையும் அதன் கேமரா காட்டியது. லேசர் கருவி மேடு பள்ளங்களை அளந்தது.

இன்று எல்லாருடைய பார்வையும் நிலவின் தென்துருவத்தின்மீது இருக்கிறது. அங்கே சில பள்ளங்களின் அடியில் சூரிய ஒளி விழுவதே இல்லை. 2009 அக்டோபர் 9 அன்று கேபியஸ் என்னும் பள்ளத்தில் ராக்கெட்டின் ஒரு பகுதியை மோதவிட்டபோது, எழும்பிய புழுதியில் நீர் இருந்தது. அதே ஆண்டு, நமது சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசா கருவியும் நிலவில் நீரின் தடயங்களைக் காட்டியது. நீர் கிடைத்தால் குடிக்கலாம். அதைப் பிரித்துச் சுவாசிக்க ஆக்சிஜனும் எரிபொருளுக்கு ஹைட்ரஜனும் பெறலாம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவும் சீனாவும் குறிவைப்பது இதே தென்துருவப் பகுதியைத்தான். நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை. ஆனால் அங்குள்ள நீரை யார், எவ்வளவு எடுக்கலாம் என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை. ஊர்ப் பொதுக் கிணற்றில் பெரிய மோட்டார் வைத்திருப்பவர் முந்திக்கொண்டால் மற்றவர் குடம் என்னவாகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

1651-இல் நிலவின் வரைபடத்தை வெளியிட்ட இயேசு சபைக் குரு ரிச்சொலி, கோப்பர்நிக்கசின் கொள்கையை ஏற்காதவர். ஆயினும் ஒரு பெரிய பள்ளத்துக்கு அவர் பெயரையே சூட்டினார். அப்போலோ 11 இறங்கிய 'அமைதிக் கடல்' என்னும் பெயரும் அந்த வரைபடத்தில் வந்ததே. எல்.ஆர்.ஓ. திரட்டிய தகவல்களையும் நாசா எவரும் பார்க்கும்படி வெளியிட்டுள்ளது. வரைபடத்தில் காட்டிய இந்தத் தாராள மனம் தண்ணீரிலும் தொடருமா?

படைப்பின் நலன்கள் எல்லாருக்கும் உரியவை என்பது திருச்சபையின் போதனை. அது பூமியோடு முடிந்துவிடுவதில்லை. முந்திச் செல்வோர் பிந்தி வருவோரையும் நினைக்க வேண்டும் என்று செபிப்போம். நம் ஊர்க் கிணற்றிலும் அதையே கடைப்பிடிப்போம்.