வாசலுக்கு வந்த தேர்வு

சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மூத்த மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் வாழ்கிறாள். பேரன் அங்கே பதினோராம் வகுப்பு படிக்கிறான். முன்னாள் இரவு மகள் தொலைபேசியில் சொன்ன ஒரு செய்தி பெரியவரின் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

"வாத்தியாரய்யா, கல்லூரியில் சேர அங்கே ஒரு தேர்வு உண்டாம். அதற்கு இவன் பணம் கட்ட வேண்டாமாம், அரசாங்கமே கட்டிவிடுமாம். என் மருமகனுக்கு என்ன குறை? கைநிறையச் சம்பாதிக்கிறவர். நம் பிள்ளையை ஏழைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களோ?"

"அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, அண்ணாச்சி. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். வீடு வந்து சேர்ந்த பின்புதான், அவர் கேட்ட கேள்விக்கு அது போதிய விடை அன்று எனத் தோன்றியது. பேரனும் பேத்தியும் கடல் கடந்து படிக்கும் வீடுகள் நம் மறைமாவட்டத்தில் இன்று பல இருக்கின்றன. ஆகவே இம்மாதம் அந்த விடையைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றித் தெளிவு வேண்டும். 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர்ப்பலகை மாட்டிய பள்ளி நம் ஊரில் பெரும்பாலும் பணக்காரர் பள்ளி. இங்கிலாந்திலும் பழைய வழக்கு அதுவே. அமெரிக்காவில் அப்படியன்று. அங்கே பொதுப் பள்ளி என்றால் வரிப்பணத்தில் நடக்கும், கட்டணம் இல்லாத அரசுப் பள்ளி. மருத்துவர் மகனும் துப்புரவுத் தொழிலாளி மகனும், ஒரே வட்டாரத்தில் குடியிருந்தால், அங்கே ஒன்றாகப் படிக்கலாம். அந்நாட்டுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய பள்ளிகளிலேயே பயில்கின்றனர்.

அடுத்தது தேர்வு. நம் நாட்டைப் போல் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் அரசு நடத்தும் பொதுத்தேர்வு ஒன்றை வைத்துக் கல்லூரியில் இடம் தரும் வழக்கம் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு தனி நிறுவனங்கள் இரண்டு தேர்வுகளை நடத்துகின்றன. எஸ்.ஏ.டி. என்பது 1926-ஆம் ஆண்டு தொடங்கியது. 1600 அதன் உச்ச மதிப்பெண். ஏ.சி.டி. என்பது 1959-இல் அயோவா மாநிலத்தில் லிண்ட்குவிஸ்ட் என்னும் பேராசிரியரின் முயற்சியால் பிறந்தது. அதன் உச்சம் 36. பன்னெடுங்காலமாகக் கல்லூரிகள் இவ்விரண்டில் ஒன்றின் மதிப்பெண்ணைக் கேட்டு வந்துள்ளன.

இத்தேர்வை எழுதும் வழக்கமான முறை எது? மாணவன் தானே முன்வந்து பதிவு செய்ய வேண்டும். கட்டணம் செலுத்த வேண்டும், எஸ்.ஏ.டி.க்கு 2024-இல் அது 68 டாலர். தேர்வு சனிக்கிழமை காலையில் நடக்கும். மையம் தன் பள்ளியாகவும் இருக்கலாம், வேறு ஊரில் உள்ள பள்ளியாகவும் இருக்கலாம். விடியலில் எழுந்து, அடையாள அட்டையோடு, யாராவது காரில் கொண்டுபோய் விட வேண்டும். நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்க எங்கும் அலைவதில்லை. பெயர்ப்பட்டியலைப் பள்ளியே அனுப்பிவிடுகிறது, நுழைவுச்சீட்டும் பள்ளி வழியாகவே கைக்கு வருகிறது. அங்கே எல்லாமே மாணவன் தலையில். வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த ஒருவர் இருந்தால் இவையெல்லாம் பெரிய காரியங்கள் அல்ல. அப்படி ஒருவரும் இல்லாத வீட்டில், சனிக்கிழமை கடையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு, இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு மதில்.

ஏழைகளுக்குக் கட்டணச் சலுகை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, நெடுங்காலமாகவே உண்டு. ஆயினும் அதைப் பெறுவதற்குப் பெரும்பாலும் பள்ளியில் உள்ள வழிகாட்டி ஆசிரியரை அணுக வேண்டும். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவருக்கு மேல் கூடாது என்று அவர்களுடைய சங்கமே பரிந்துரைக்கிறது. பல மாநிலங்களில் அந்த எல்லை எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது. தவிர, 'என் வீட்டில் வசதி இல்லை' என்று சொல்லிக்கொண்டு போய் நிற்பது பதினாறு வயதுப் பிள்ளைக்கு எளிதான செயலா?

2001-ஆம் ஆண்டு கொலராடோ, இல்லினாய் ஆகிய இரு மாநிலங்கள் புதிய வழி ஒன்றைக் கண்டன. பொதுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் அத்தனை பேரும் ஏ.சி.டி. எழுத வேண்டும்; பள்ளி நாளன்று, தங்கள் பள்ளியிலேயே எழுதலாம்; செலவு மாநிலத்தினுடையது. 2006-இல் மெய்ன் மாநிலம் எஸ்.ஏ.டி.யைக் கொண்டு இதையே செய்தது. பெரியவரின் பேரன் வாழும் மிச்சிகன் 2007-இல் இவ்வரிசையில் சேர்ந்தது, முதலில் ஏ.சி.டி., 2016 முதல் எஸ்.ஏ.டி. உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் ஒரு முறையேனும் மாணவரைச் சோதித்தாக வேண்டும் என்று மத்திய சட்டம் மாநிலங்களைக் கட்டாயப்படுத்துகிறது. எப்படியும் ஒரு தேர்வு நடத்தத்தான் வேண்டும். அது பிள்ளைக்குக் கல்லூரி வாசலிலும் பயன்படட்டுமே என்று மாநிலங்கள் எண்ணின. மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அதற்கு வெளிப்படையாகவே இடம் கொடுத்தது.

ஒரு மாநிலம் முழுவதையும் ஒப்பந்தமாகப் பெறுவது தேர்வு நிறுவனங்களுக்குக் கொழுத்த வியாபாரம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இல்லினாய் ஏ.சி.டி.யிலிருந்து எஸ்.ஏ.டி.க்கு மாறி, 2025-இல் மீண்டும் ஏ.சி.டி.க்கே திரும்பியிருக்கிறது. ஆசிரியர்களின் தலைவலியை யார் கணக்கில் எடுத்தார்களோ!

இனி இதன் பயனைப் பார்ப்போம். ஜாஷுவா ஹைமன் என்னும் பொருளியல் ஆய்வாளர் மிச்சிகன் மாநிலத்துப் பள்ளிகளின் கணக்குகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டாயம் வருவதற்கு முன்பு பாதியை விடச் சற்று அதிகமான மாணவர்களே, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு 54 பேரே, இத்தேர்வுகளில் ஒன்றை எழுதியிருந்தனர். கட்டாயம் வந்த பின் ஏறக்குறைய எல்லோரும் எழுதினர். தாமாக எழுதியோர் காலத்து மதிப்பெண்களையும், எல்லோரும் எழுதிய காலத்து மதிப்பெண்களையும் அவர் ஒப்பிட்டார். கிடைத்த விடை இது: கல்லூரிப் படிப்புக்குத் தகுதியானவர் என்று மதிப்பெண் பெற்ற ஏழை மாணவர் பத்துப் பேர் இருந்தால், அதே தகுதியோடு, தேர்வையே எழுதாமல் ஒதுங்கியிருந்த ஏழை மாணவர் இன்னும் ஐந்து பேர் இருந்தனர்.

பத்துக்கு ஐந்து. இவ்வெண்ணைப் படித்தபோது பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். காரணம் உண்டு.

1983-ஆம் ஆண்டு. கடலோரக் கிராமம் ஒன்றின் பள்ளியில் கணக்கு ஆசிரியனாக இருந்தேன். உப்பளத் தொழிலாளியின் மகன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். அந்த ஆண்டு நகரத்துத் தொழில்நுட்பப் பயிலகம் ஒன்றில் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பம் கொடுப்பதாகச் செய்தி வந்தது. வகுப்பில் அறிவித்தேன். ஒரு முறை அறிவித்தேன். படிவத்தை நகரத்திற்குச் சென்றுதான் வாங்க வேண்டும். பேருந்துக் கட்டணம், படிவத்தின் விலை, தாலுகா அலுவலகத்துச் சாதிச் சான்றிதழ், தலைமையாசிரியர் கையொப்பம். வேண்டியவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். வாத்தியார் வீட்டுப் பிள்ளையும் மளிகைக் கடைக்காரர் பிள்ளையும் வாங்கினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவனை உப்பளத்து வரப்பில் தலைச்சுமையோடு பார்த்தேன். "ஏனப்பா, அன்றைக்கு அந்தப் படிவம் வாங்கவில்லையா?" என்றேன். "அது எங்களுக்கும் சேர்த்துச் சொன்னது என்று தெரியவில்லை, சார்" என்றான். சினமோ வருத்தமோ அவன் குரலில் இல்லை. எனக்கு மட்டும் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

பெரியவருக்கு நான் சொல்ல விரும்பியது இதுதான். உங்கள் மருமகனின் வருமானத்தைப் பார்த்து உங்கள் பேரனுக்கு யாரும் பணம் கட்டவில்லை. எல்லோருக்கும் கட்டுவதன் நோக்கமே, யார் ஏழை என்று கேட்காமல் இருப்பதுதான். வகுப்பில் அவனுக்குப் பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை சலுகைக்காகக் கையேந்த வேண்டாம். சனிக்கிழமை வேலையை விட வேண்டாம். 'இது எனக்கும் சேர்த்துச் சொன்னதா?' என்று ஐயுறவும் வேண்டாம். வழக்கமான பள்ளி நாளில் வழக்கமான வகுப்பறைக்கு வந்தாலே போதும். உங்கள் பேரன் இந்தத் திட்டத்தால் மிச்சப்படுத்தியது சில டாலர்கள். அந்தப் பிள்ளைக்கு, தான் தகுதியுள்ளவன் என்ற செய்தியே இதன் வழியாகத்தான் தெரியவரும்.

இதை வானளாவப் புகழவும் நான் ஆயத்தமாக இல்லை. ஒளிந்திருந்த ஐந்து பேரும் வெளிப்பட்டார்கள் என்பதனால் ஐந்து பேரும் கல்லூரிக்குப் போய்விடவில்லை. மிச்சிகனில் நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்ந்தோர் தொகை கூடியது என்னவோ உண்மை. ஆனால் அந்த ஏற்றம் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. மெய்ன் மாநிலத்தைப் பற்றிய வேறோர் ஆய்வு இரண்டு முதல் மூன்று விழுக்காடு வரை உயர்வு கண்டது. மதிப்பெண் கையில் இருந்தாலும் விண்ணப்பம் எழுத வேண்டும், உதவித்தொகைக்கான நீண்ட படிவங்களை நிரப்ப வேண்டும், அதன் பின்னும் கட்டணம் மலைபோல் நிற்கும். தேர்வு ஒரு மதிலைத்தான் இடித்தது. பின்னால் வேறு மதில்கள் இருந்தன. எனினும் ஹைமனின் ஆய்வில் ஒரு செய்தி எனக்கு ஆறுதல் தந்தது. இத்திட்டத்தால் புதிதாகக் கல்லூரி புகுந்தவர்கள் பாதியில் நின்றுவிடவில்லை. மற்ற மாணவர்களைப் போலவே ஏறத்தாழ அதே அளவில் படிப்பைத் தொடர்ந்தார்கள். மேலும், ஒரு பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க உதவித்தொகையாகச் செலவழிப்பதை விட இவ்வழியில் ஆகும் செலவு குறைவு என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்.

இன்னொரு மாறுதலையும் சொல்லிவிட வேண்டும். 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது பெரும்பாலான கல்லூரிகள் தேர்வு மதிப்பெண் கட்டாயம் இல்லை என்று அறிவித்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தனிப்பயிற்சி பெற்று உயர்ந்த மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆகவே தேர்வே அநீதி என்பது ஒரு சாராரின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மறுபுறம், எம்.ஐ.டி. 2022-இலும், டார்ட்மவுத் கல்லூரி 2024-இலும் தேர்வைத் திரும்பக் கேட்கத் தொடங்கின. வசதி குறைந்த மாணவர் சிலர், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணை, போதாது என்று தாமே எண்ணி அனுப்பாமல் விட்டுவிட்டார்கள் என்பது டார்ட்மவுத் பேராசிரியர்கள் கண்ட காரணம். என் உப்பளத்து மாணவனை அறிந்த எனக்கு அது வியப்பாக இல்லை.

சென்ற ஞாயிறு பெரியவரை மீண்டும் சந்தித்தேன். இவற்றையெல்லாம் சொன்னபோது முகம் தெளிந்தது. பேரன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். 2024 வசந்தகாலம் முதல் எஸ்.ஏ.டி. முழுவதும் கணினியில் நடக்கிறது. இரண்டே கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். 'கான் அகாடமி' என்னும் இணையப் பள்ளியில் இதற்கான பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. காசு கொடுத்து வகுப்பில் சேர்க்குமுன் அதை முயன்று பார்க்கலாம். எண்ணிய மதிப்பெண் வராவிட்டால் பின்னர் ஒரு சனிக்கிழமை மீண்டும் எழுதலாம். அதற்கு மருமகன்தான் பணம் கட்ட வேண்டும் என்றேன். சிரித்துவிட்டார்.

பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இளையவள் மகள் சிக்காகோவில் நம் கன்னியர் நடத்தும் பள்ளியில் படிக்கிறாளே, அவளுக்கும் அரசாங்கம் கட்டுமா?" என்று கேட்டார். இத்திட்டம் பொதுப் பள்ளிகளுக்காக வகுக்கப்பட்டது. நம் திருச்சபைப் பள்ளிகள் அங்கே தனியார் பள்ளிகளாகவே எண்ணப்படுகின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அந்தப் பள்ளிகளிலும் கட்டணத்தை எண்ணி எண்ணிச் செலுத்தும் குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளி அலுவலகத்தில் இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள், கட்டணச் சலுகைக்கு வழி உண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள், மகள் கூச்சப்பட்டால் நீங்களே நினைவூட்டுங்கள் என்றேன். சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, இளைய மகளின் பெயரை எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.