விழிஞ்ஞத்துச் சிப்பிக்கு யார் பொறுப்பு?

1997 செப்டம்பரில், திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டவர்களில் 7 பேர் இறந்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யாருடைய கை அழுக்காலும் வந்த சாவல்ல அது.

கடலில் சிலவகை நுண்பாசிகள் பெருகும்போது, நீரை வடிகட்டி உண்ணும் சிப்பியின் சதையில் அவற்றின் நஞ்சு சேர்ந்துவிடும். தின்றவருக்குச் சிறிது நேரத்திலேயே உதடும் நாக்கும் மரத்துப்போகும். அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு போகாது. நிறத்திலோ மணத்திலோ ருசியிலோ காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

ஆனால் உணவுப் பாதுகாப்பு என்றாலே அதிகாரிகளுக்கு விழிப்புணர்வு முகாம்தான் நினைவுக்கு வருகிறது. வயலில் கீரை பறிப்பவரோ, பாறையில் சிப்பி பெயர்ப்பவரோ, எல்லோருக்கும் ஒரே பாடம்: சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டீ, பிஸ்கட், ஒரு குழுப்படம், முகாம் முடிந்தது. கழுவ நல்ல தண்ணீரும் அருகிலேயே கழிப்பறையும் இருக்கும் இடத்தில் அந்தப் பாடத்துக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. சாக்கடை கலக்கும் கரையோரச் சிப்பியில் சேரும் கிருமிகளைக்கூட, சுத்தமான கடல்நீரில் போட்டுவைத்துக் குறைத்துவிடலாம். பாசி நஞ்சு அவ்வளவு சுலபத்தில் வெளியேறாது. மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பெயர்த்து, பையை நிரப்பிக்கொண்டு மேலே வருபவருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மீனவரையும் விவசாயியையும் தன் பிடிக்கு வெளியே விட்டிருக்கிறது. நியாயம்தான். அப்படியானால் அவர்கள் கையில் இல்லாத பொறுப்பை அரசுதான் ஏற்க வேண்டும்.

1927-இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இதே நஞ்சால் 102 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தார்கள். இன்று கலிபோர்னியாவில் கடலோரச் சிப்பியைச் சோதிக்கிறார்கள். மே முதல் அக்டோபர் வரை பொதுமக்கள் தாங்களாகச் சிப்பி எடுக்க ஆண்டுதோறும் தடை போடுகிறார்கள். நாமோ 1981-இல் கல்பாக்கம் அருகே வாயலூரில் இதே நஞ்சுக்கு 3 பேரைப் பறிகொடுத்தோம். 16 ஆண்டுகள் கழித்து விழிஞ்ஞம் நடந்தது.

ஆய்வுக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் விழிஞ்ஞத்திலேயே இருக்கிறது. சிப்பிப் பருவத்தில் வாரந்தோறும் கடல்நீரையும் சிப்பியையும் சோதிக்க வேண்டும். கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் என்ற சர்வதேச வரம்பை நஞ்சு தாண்டினால், அன்றே படகுத்துறையில் அறிவிப்புப் பலகை வைத்துச் சிப்பி எடுப்பதை நிறுத்த வேண்டும். இது கேரளத்தின் தலைவலி மட்டுமல்ல. விழிஞ்ஞத்தில் எடுக்கும் அதே பழுப்புச் சிப்பியைத்தான் குமரி மாவட்டத்தில் குளச்சலிலும் கடியபட்டணத்திலும் எடுக்கிறார்கள். தமிழக அரசும் சேர்ந்தே இதைச் செய்ய வேண்டும்.

நிறுத்திய நாட்களுக்கு நிவாரணமும் கொடுக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்துக்குப் பணம் கொடுத்துப் பழகிய அரசுகளுக்கு இது புதுக் கணக்கல்ல. கொடுக்காவிட்டால் பலகை ஒருபுறம் இருக்கும், சிப்பி மறுபுறம் ரகசியமாக விற்பனையாகும்.