கண்ணுக்குத் தெரியாத கால் வட்டம்

கோவையில் ராலி நடக்கும்போது, பல்லடம் பக்கம் கேத்தனூர் காற்றாலைகளுக்கு நடுவே கார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கும். அப்படி ஒரு கார் எங்காவது நின்றால் ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். பின் சீட் இருக்காது. கூரையின் உள்துணி இருக்காது. ஓட்டுநரையும் பக்கத்தில் அமரும் வழிகாட்டியையும் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக எஃகுக் குழாய்கள் மட்டும் தெரியும். அதுதான் ரோல் கேஜ். கார் உருண்டால் உள்ளே இருப்பவர்களை நசுங்காமல் காக்கும் கூண்டு.

அது என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2020 ஜனவரி, மான்டே கார்லோ ராலி. எஸ்தோனியாவின் ஒட் தானக் ஓட்டிய ஹூண்டாய் கார், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் சாலையை விட்டு எகிறி, பல முறை குட்டிக்கரணம் அடித்து விழுந்தது. வீடியோவைப் பார்த்தவர்கள் இருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்றே நினைத்தார்கள். தானக்கும் அவருடைய வழிகாட்டியும் பெரிய காயமில்லாமல் வெளியே வந்தார்கள். சீட், பெல்ட், ஹெல்மெட்டுக்கெல்லாம் அதில் பங்கு உண்டு. ஆனால் கூண்டு மடங்கியிருந்தால் அவை எதுவும் உதவியிருக்காது.

குழாயைப் பற்றவைத்துப் பந்தயக் கார் செய்வது கோவைக்குப் புதிதல்ல. இந்த ஊர்க்காரரான எஸ். கரிவர்தன், 1980களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ கார்களை உருவாக்கினார். குழாய்களை இணைத்துச் செய்த சட்டம்தான் அந்தக் கார்களின் எலும்புக்கூடு. அவர் 1995-ல் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த கார்களோடு ‘ஃபார்முலா பாரத்’ போட்டிக்கு வருவதும் அங்கேதான்.

எந்தக் குழாய்?

ராலி கூண்டுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. கறாரான விதி வைத்திருக்கிறது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும் வேண்டும். அல்லது 50-க்கு 2. மற்ற குழாய்களுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. எல்லாம் தையல் இல்லாத ‘சீம்லெஸ்’ குழாய். சூடு காட்டாமல்தான் வளைக்க வேண்டும். வளைத்த இடம் நசுங்கித் தட்டையாகிவிட்டால் அந்தக் குழாய் ஆகாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று தண்ணீர்ப் பைப்பை எடுத்துவிடக் கூடாது. ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு, பற்றவைக்கும்போது புகையாகும். இணைப்பில் ஓட்டை விழும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சல் வரும்.

பொருத்தத்தில்தான் பாதி வேலை

ஒரு குழாய் இன்னொன்றின் மேல் உட்கார வேண்டுமானால், அதன் முனையை மீன் வாய் போல வளைவாக வெட்ட வேண்டும். வெட்டு சரியாக இருந்தால் இரண்டும் சுற்றிலும் ஒட்டி உட்காரும். இடைவெளி விட்டுவிட்டு அதை வெல்டிங் கம்பியால் நிரப்புவது, விரிசல் விட்ட சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது மாதிரி.

அடுத்தது சுத்தம். எண்ணெய், துரு, பெயின்ட் மூன்றையும் எடுத்துவிட்டு எஃகு பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் சின்னப் புள்ளிகளாகப் பிடிப்பு வைத்து, மாற்றி மாற்றிப் பற்றவைத்தால் சட்டம் கோணாது. நம் பட்டறைகளில் ‘சி.ஓ.டூ’ என்றும் ‘ஆர்கான்’ என்றும் சொல்லப்படும் இரண்டு முறைகளும் இதற்கு ஏற்றவை. இரண்டிலும் உருகும் எஃகைக் காற்று படாமல் காப்பது வாயுதான். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பட்டறைக்குள் வீசினால் அந்த வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். இணைப்பு உள்ளே நுரைத்துப்போகும். அதனால் ஃபேனை அணைத்து, கதவை மறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றவும் கூடாது. இணைப்பை ஒட்டிய பகுதி இறுகி, அடி வாங்கும்போது விரிசல் விடலாம்.

கூரை மறைக்கும் இடம்

இத்தனையும் செய்தாலும் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. குழாயைச் சுற்றி முழு வட்டமும் பற்றவைக்க வேண்டும், சூடு முழுத் தடிமனுக்கும் இறங்க வேண்டும் என்பது விதி. ஆனால் மேலே உள்ள குழாய்கள் கூரையை ஒட்டி நிற்கின்றன. முக்கால் வட்டம் கைக்கு எட்டும். மிச்சக் கால் வட்டம் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. அதை விட்டுவிட்டுப் பெயின்ட் அடித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, கார் உருளும் வரை.

நல்ல பட்டறைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கூண்டின் கால்கள் நிற்கும் இடத்தில் தரைத் தகட்டில் துளை போட்டு, முழுக் கூண்டையும் சில அங்குலம் கீழே இறக்குவார்கள். மேல் இணைப்புகளை வட்டம் முழுக்க முடித்துவிட்டு, கூண்டைத் தூக்கி, துளையை அடைத்துக் கெட்டியான தகட்டின் மேல் நிறுத்துவார்கள். சிலர் கூரையையே வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு வைப்பார்கள். கூடுதலாகச் சில நாள் ஆகும். கூலியும் கூடும். அந்தக் கூலிதான் காரில் போடும் மிக உருப்படியான செலவு.

அழகைப் பார்த்து ஏமாறக் கூடாது. வரிசையாகக் காசு அடுக்கியது போன்ற இணைப்பும் மேலோடு மட்டும் ஒட்டியிருக்கலாம். அதனால் அதே குழாயின் துண்டுகளை, அதே செட்டிங்கில், அதே ஆளைப் பற்றவைக்கச் சொல்லி, நடுவில் அறுத்துப் பார்ப்பார்கள். இரண்டு எஃகும் ஒன்றாகக் கலந்திருந்தால்தான் கூண்டில் கை வைக்கலாம். முடிந்த இணைப்பில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால், மேலே திறந்திருக்கும் மயிரிழை விரிசலும் கோடாகத் தெரியும். பார்வைக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று இணைப்பைக் கிரைண்டரால் தேய்ப்பது, கொடுத்த பலத்தைத் திருப்பி எடுப்பதற்குச் சமம்.

வீட்டுக் காருக்கு வேண்டாம்

ராலி கார் மாதிரி இருக்கட்டும் என்று வீட்டுக் காரில் கூண்டு மாட்ட நினைக்கும் இளைஞர்களும் உண்டு. ராலி ஓட்டுநர் ஹெல்மெட் போட்டு, பல பட்டை பெல்ட்டில் இறுகக் கட்டப்பட்டு உட்காருகிறார். அவர் தலைக்குப் பக்கத்துக் குழாய்களுக்குத் தனி மெத்தை உறை உண்டு. வெறுந்தலையோடு போகும் நமக்கு, சின்ன மோதலிலேயே அதே குழாய் மண்டையை உடைக்கும். தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது.

பந்தயத்துக்கே கார் செய்பவர்கள் பட்டறைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது கூலி எவ்வளவு என்பதல்ல. “கூரைப் பக்கத்தை எப்படிங்க பத்த வைப்பீங்க?” என்பதுதான். அவர் யோசிக்காமல் விளக்கமாகப் பதில் சொன்னால், சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம்.