வாசலுக்கு வாசல் வேறு முறை

மாமியார் வீட்டு வாசற்படியில் கால் வைத்ததுமே மாப்பிள்ளைக்குத் தனி மிடுக்கு வந்துவிடுகிறது. அவரே ஆபீஸ் படி ஏறியதும் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடுகிறார். இடத்துக்குத் தக்கபடி மாறும் இந்தச் சாமர்த்தியம் கம்ப்யூட்டரின் ஷெல்லுக்கு இயல்பாகக் கிடையாது. முந்திய வேலைக்காக நீங்கள் கொடுத்த விலாசத்தையே அது பிடித்துக்கொண்டிருக்கும். பரீட்சைக்கு வைத்த கணக்கை அழிப்பதாக எண்ணி உத்தரவு போடுவீர்கள். வாடிக்கைக்காரர்களின் நிஜக் கணக்கு காற்றோடு போய்விடும்!

இதற்குக் கைகொடுப்பது 'டிர்என்வ்' என்ற இலவச மென்பொருள். அந்தந்த டைரக்டரிக்கு வேண்டிய அமைப்புகளை 'என்வ்ஆர்ஸி' என்ற ஃபைலில் எழுதி அங்கேயே வைத்துவிடலாம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி அவசியம். பாஷ், ஸெட்-ஷெல், ஃபிஷ் எதுவானாலும் அதன் ஆரம்ப ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும். உள்ளே நுழைந்தால் அமைப்புகள் அமலாகும். உள்ளறைகளுக்கும் அதே சட்டம். வெளியே வந்தால் பழையபடி!

யாரோ அனுப்பிய டைரக்டரியில் விஷமம் ஒளிந்திருந்தால்? பயம் நியாயமானதே. அந்த ஃபைலில் எந்தக் கட்டளையையும் எழுதிவிடலாம் அல்லவா? அதனால்தான் 'அலவ்' என்று நீங்கள் அனுமதி தந்தாலொழிய டிர்என்வ் அதை அமல்படுத்தாது. பிறகு ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி அனுமதி கேட்கும்.

ஆகவே, படித்துப் பார்த்து அனுமதி கொடுங்கள். ரகசியச் சொற்களை அதில் எழுதியிருந்தால், அந்த ஃபைலை மட்டும் பிறருக்கு அனுப்பாதீர்கள். கொத்துச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திருடனைத் திட்டி என்ன பயன்?