வண்டிகள் உண்டு, இணைப்பு எங்கே?

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே நாளங்காடி இருந்தது. கைவினைஞர்கள் தொழில் செய்த பாக்கத்திலேயே குடியிருந்தார்கள். உழைக்கும் இடமும் உறங்கும் இடமும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்திருந்தன.

இன்றைய சென்னையில் அந்த நிலை இல்லை. வேலை நகருக்குள் இருக்கிறது. வாடகை கட்டுப்படியாகும் வீடோ புறநகரில் இருக்கிறது. விடியுமுன் கிளம்பி, விளக்கு வைத்த பின் திரும்பும் மக்களின் வாழ்க்கையைத்தான் ‘புறநகர் வளர்ச்சி’ என்று நாம் பெருமையாகக் குறிப்பிடுகிறோம்.

வண்டிகள் இல்லையா? இருக்கின்றன. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் இன்று நாம் காணும் அளவுக்கு வளர்ந்ததில் அந்தப் பாதைக்குப் பெரும் பங்கு உண்டு. மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் 2004-இல் விடைபெற்றன. பறக்கும் ரயில் 1995-இல் வந்தது. மெட்ரோ ரயில் 2015-இல் வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவை யாவும் பாராட்டத்தக்க முன்னேற்றங்களே.

ஆயினும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். பயணம் எங்கே தொடங்குகிறது? ரயில் நிலையத்திலா? இல்லை. வீட்டு வாசலில் தொடங்கி, வேலை செய்யும் இடத்தின் வாசலில் முடிவதுதான் பயணம். ரயில்வே தன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிறது. போக்குவரத்துக் கழகம் தன் பேருந்தைப் பார்த்துக்கொள்கிறது. மெட்ரோ நிறுவனம் தன் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் இடைவெளியைப் பார்ப்பவர் யார்? பயணி ஒருவரே! புறநகர் மக்களின் துன்பம் வண்டிப் பற்றாக்குறையைக் காட்டிலும் இணைப்புப் பற்றாக்குறையால் வருவது என்பதே என் கருத்து.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளடங்கிய நகர் ஒன்றில் குடியிருக்கும் ஒரு பெண், பேருந்துக்காகவும் ரயிலுக்காகவும் மாறி மாறிக் காத்து நிற்பதிலும், பேருந்து வராதபோது நடப்பதிலும் நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் கழிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 வேலை நாட்களுக்கு அது 50 மணி நேரம். எட்டு மணி நேர வேலையாகக் கணக்கிட்டால் ஆறு நாட்களுக்கும் மேல்! இந்த ஆறு நாட்களுக்குச் சம்பளம் உண்டா? விடுப்புக் கணக்கில்தான் சேருமா? குழந்தையின் பாடத்துக்கும் தன் உறக்கத்துக்கும் உரிய நேரத்தை அவள் சாலையோரத்தில் செலவழிக்கிறாள்.

‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். நல்ல எச்சரிக்கைதான். ஆனால் அது பயணியை நோக்கி மட்டுமே பேசுகிறது. 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலையில், வேறு பாதையில் திருப்பிவிடப்பட்ட மின்சார ரயிலின் படியில் தொங்கியவர்கள் சுவரில் மோதி மாண்டார்கள். இளமைத் துடுக்கினால் தொங்குவோர் சிலர் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த ரயிலை விட்டால் அடுத்த பேருந்தும் போய்விடும், அதையும் விட்டால் அரை நாள் கூலி போய்விடும் என்ற அச்சத்தில் தொங்குகிறவர்களுக்கு அறிவுரை மட்டும் போதுமா?

இணைப்பைப் புறக்கணித்ததற்குச் சான்றுகள் நம் கண்முன்னே உள்ளன. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டும் பணி 2008-இல் தொடங்கியது. தொலைவு சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் அளவுள்ள நிலத்தைப் பெறுவதில் எழுந்த வழக்கால், 2024-ஆம் ஆண்டு முடிந்தபோதும் அங்கே ரயில் ஓடவில்லை. கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. மின்சார ரயில் பாதை அதன் அருகிலேயே செல்கிறது. ஆனால் திறப்பு விழா நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. மாப்பிள்ளை வந்த பிறகு பந்தற்கால் நடுவது போன்றதல்லவா இது?

அரசு இதை உணரவில்லை என்று சொல்லமாட்டேன். எல்லாப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்கும் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் வந்தது. ஆனால் அக்குழுமத்தின் முதல் கூட்டம் நடந்ததோ 2022-இல். பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு எடுக்கும் செயலி 2025-இல் அறிமுகமாயிற்று. சீட்டு இணைந்துவிட்டது, நேரம் இணையவில்லையே! ரயில் வந்து நிற்கும்போது பேருந்து புறப்பட்டுப் போய்விட்டால் ஒரே சீட்டு இருந்து என்ன பயன்?

‘ஆளுக்கொரு ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது’ என்பார் உண்டு. வீட்டு வேலைக்குச் செல்லும் அம்மாவும், கட்டட வேலைக்குச் செல்லும் பெரியவரும், தவணை கட்ட வழியில்லாத மாணவனும் வாங்க முடியுமா? வாங்கினாலும் ஜி.எஸ்.டி. சாலை தாங்குமா?

பெரிய பாலங்களை நான் கேட்கவில்லை. உட்பகுதிகளை இணைப்பதற்கென்றே மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2013-இல் சிற்றுந்துகளை விட்டது. அந்தச் சிற்றுந்துகள் ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும், ரயிலின் நேரத்துக்கு ஏற்ப நிற்கட்டும். கடைசி ரயில் வரும்வரை கடைசிப் பேருந்து காத்திருக்கட்டும். நிலையத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை விளக்கும் நடைபாதையும் இருக்கட்டும். மேம்பாலம் கட்டும் செலவில் இவை ஒரு சிறு பங்கு.

இதில் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் முகாம் நடத்துகிறோம். இவ்வாண்டு ஒரு வாரம் புறநகர் நிலையங்களுக்குச் செல்வோம். ரயில் எத்தனை மணிக்கு வந்தது, பேருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டது, இடையில் எத்தனை பேர் காத்து நின்றார்கள் என்று குறித்துக்கொள்வோம். பொருளியல் துறைப் பேராசிரியர்கள் அக்குறிப்புகளை ஆராய்ந்து அறிக்கையாக்க வழிகாட்டட்டும். அதை உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்போம்.

‘கூட்டம் அதிகம்’ என்ற முறையீட்டுக்கு ‘ஆவன செய்யப்படும்’ என்ற விடை எளிதில் வந்துவிடும். ‘இந்த நிலையத்தில், இந்த ரயிலுக்கு, இத்தனை பேர், இத்தனை நிமிடம்’ என்று எண்களோடு கேட்டால் அப்படித் தட்டிக்கழிக்க இயலாது. எண்ணும் எழுத்தும் நமக்குக் கற்பிக்கப்படுவது தேர்வுக்காக மட்டுமன்று, நண்பர்களே!