சேமநிதிப் பணத்தை மாற்றி மாற்றிப் போடலாமா?

தோட்டப்புறங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் முன்பெல்லாம் துணி மூட்டையோடு சேலைக்காரர் வருவார். இப்போது காரில் யூனிட் டிரஸ்ட் ஏஜெண்டு வருகிறார். வருவதில் குற்றமில்லை. அவரும் பிழைக்க வந்தவர்தான். பல இடங்களில் நம் லயத்திலேயே பிறந்து, படித்து வெளியே போன பிள்ளையாகவும் இருக்கிறார். ஆனால் முதல்முறை வந்து பணத்தைப் போட வைத்தவர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வந்து, "இத அதுக்கு மாத்திடுவோம்ணே, அது இப்ப நல்லா ஓடுது" என்கிறாரே, அந்த மாற்றத்துக்கான செலவு யார் தலையில் விழுகிறது? இதைத்தான் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

சம்பளம், போனஸ், வீட்டு மனை என்று எழுத வேண்டிய பகுதியில் இது என்ன புதுக் கதை என்று சிலர் கேட்கலாம். புதுக் கதையல்ல தோழர்களே! குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025 பிப்ரவரியில் ஆனது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். இந்த 65 வெள்ளிக்கு நாம் எத்தனை ஆண்டு வாதாடினோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கையெழுத்தில் 300 வெள்ளி கழிந்தால் அது ஏறக்குறைய ஐந்து நாள் வேலை. கூலிப் பிரச்சினைக்குக் குரல் கொடுக்கும் சங்கம் இதற்கு மட்டும் வாய் மூடி இருக்கலாமா?

விஷயத்துக்கு வருவோம். ஊழியர் சேமநிதியில் நம் பணத்தின் ஒரு பகுதியை எடுத்து, வாரியம் ஒப்புக்கொண்ட யூனிட் டிரஸ்ட் நிதிகளில் போடும் திட்டம் 1996 முதல் இருக்கிறது. வயதுக்கு ஏற்ப இவ்வளவு இருக்க வேண்டும் என்று வாரியம் ஓர் அடிப்படைத் தொகை வைத்திருக்கிறது. ஓய்வுக்காலக் கணக்கில் அதற்கு மேல் உள்ளதில் 30 சதவீதம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் விண்ணப்பிக்க முடியும். ஏஜெண்டு வழியாகப் போனால் விற்பனைக் கட்டணம் 3 சதவீதம் வரை. கையிலிருந்து ரொக்கமாகப் போட்டால் 5 சதவீதமும் அதற்கு மேலும் பிடிப்பதுண்டு. இதற்கெல்லாம் மேலே, பங்கு நிதிகளில் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் அளவில் நிர்வாகக் கட்டணம் போகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. யூனிட் விலையிலேயே கழிந்துவிடும்.

'மாற்றுவது' என்று ஏஜெண்டு சொல்லும் சொல்லுக்குள் இரண்டு விதமான காரியம் இருக்கிறது. நம்மவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

முதலாவது, ஒரே கம்பெனிக்குள் ஒரு நிதியிலிருந்து இன்னொரு நிதிக்கு மாறுவது. சில கம்பெனிகள் இதற்கு ஒன்றும் பிடிப்பதில்லை. சில கம்பெனிகள் 25 வெள்ளியோ, சிறு சதவீதமோ பிடிக்கும். போட்ட சில மாதத்துக்குள் மாற்றினால் கூடுதலாகப் பிடிப்பவர்களும் உண்டு. கட்டணம் குறைந்த பத்திர நிதியிலிருந்து கட்டணம் கூடிய பங்கு நிதிக்கு மாறினால் வித்தியாசத் தொகையையும் கேட்பார்கள். "இலவசம்" என்ற சொல்லை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. ஒரு கம்பெனியில் இருப்பதை விற்றுவிட்டு இன்னொரு கம்பெனியில் வாங்குவது. பேச்சில் இதுவும் 'மாத்துறது'தான். கணக்கில் இது விற்பனை ஒன்று, புதுக் கொள்முதல் ஒன்று. சேமநிதிப் பணமாக இருந்தால் விற்ற தொகை முதலில் சேமநிதிக் கணக்குக்கே திரும்பிப் போகும். மறுபடி விண்ணப்பித்து எடுக்க வேண்டும்; மறுபடியும் 3 சதவீதம் அழ வேண்டும்.

அண்மையில் வெளிக்காட்டு மண்டோர் ஒருவர் ஒரு பை நிறைய காகிதங்களோடு நம்மைப் பார்க்க வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். சில ஆண்டுகளில் மூன்று கம்பெனி மாறியிருக்கிறார். "தம்பி, நான் ஒரு காசு எடுக்கல. அப்புறம் எப்படிக் குறைஞ்சுது?" என்று கேட்டார். அவருடைய தொகையை இங்கே எழுதுவது முறையல்ல. கணக்குக்கு 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனியில் 3 சதவீதம் போனால் வேலை செய்ய நிற்பது 9,700. இரண்டாவதில் 9,409. மூன்றாவதில் 9,127. சந்தை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 873 வெள்ளி கரைந்துவிட்டது. பதின்மூன்று நாள் கூலி! இந்தப் பணம் சேமநிதியிலேயே கிடந்திருந்தால் 2024 ஒரே ஆண்டில் 6.30 சதவீத லாப ஈவில் 630 வெள்ளி ஏறியிருக்கும். அவருக்குக் கணக்கு புரிந்தபோது ஏஜெண்டைத் திட்டவில்லை. "ஒவ்வொரு தடவையும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான் தம்பி" என்றார். நமக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

ஏஜெண்டின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். அவருக்குக் கமிஷன் முக்கியமாக விற்பனைக் கட்டணத்திலிருந்து வருகிறது. ஒரே கம்பெனிக்குள் மாற்றினால் அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. விற்று வேறிடத்தில் வாங்க வைத்தால் உண்டு. ஆகவே "கம்பெனியே மாத்திடலாம்" என்று யாராவது வற்புறுத்தினால், "இதுல உனக்கு எவ்வளவு தம்பி?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நல்ல ஏஜெண்டு சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னவர்களையும் நமக்குத் தெரியும்.

கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும். நேரம் பார்த்து மாற்றி லாபம் எடுக்கலாம் என்ற ஆசை இருக்கிறதே, அது தோட்டத்துக்காரனுக்குச் சரிப்பட்டு வராது. 2020-ல் என்ன நடந்தது? கொரோனா வந்து மார்ச் 19-ஆம் தேதி கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1,219 புள்ளிக்கு விழுந்தது. "அண்ணே, பயமா இருக்கு, பணச் சந்தை நிதிக்கு மாத்திடுங்க" என்று பலர் ஓடினார்கள். அந்த ஆண்டு முடியும்போது குறியீடு 1,627. மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. கீழே இருந்தபோது வெளியேறியவர்கள் அந்த ஏற்றத்தை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு கையுறைக் கம்பெனிப் பங்குகள் வானத்துக்குப் போனதைக் கேள்விப்பட்டு, அதை அதிகம் வைத்திருந்த நிதிகளுக்கு மாறினார்கள். 2021-ல் அந்தப் பங்குகள் சரிந்தன. (நாம் வெட்டும் பாலில்தான் அத்தனை கையுறையும் செய்கிறார்கள் என்று பெருமைப்பட்டவர்கள் உண்டு. அதில் பெரும்பங்கு நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர்.)

பக்கத்து நிரையில் நேற்றுப் பால் நன்றாக இறங்கியது என்று இன்றைக்கு நிரை மாற்றிக் கேட்கிறவனைக் கங்காணி என்ன சொல்வார்? அதே கதைதான் இது. போதாக்குறைக்கு, மாற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடும்போது என்ன விலையில் மாறப்போகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. பாரம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த வேலை நாளின் முடிவில் கணக்கிடும் விலைதான் செல்லும். தோட்டத்தில் ஞாயிறு கொடுத்த பாரம் பட்டணத்தில் திங்களோ செவ்வாயோ போய்ச் சேரும். அதற்குள் சந்தை எங்கே போயிருக்குமோ!

இன்னொரு கொடுமை. சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை "பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று பணச் சந்தை நிதியில் மாற்றி வைத்திருக்கிறார்கள். அதில் வருமானம் பெரும்பாலும் 3 சதவீதத்தை ஒட்டியே இருந்து வருகிறது. சேமநிதியோ 2020-ல் 5.20, 2021-ல் 6.10, 2022-ல் 5.35, 2023-ல் 5.50, 2024-ல் 6.30 சதவீதம் கொடுத்தது. ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்குக் குறையாது என்று சட்டமே சொல்கிறது. ஆறு சதவீத வீட்டிலிருந்து கிளம்பி, வழியில் 3 சதவீதம் கப்பம் கட்டி, மூன்று சதவீதச் சத்திரத்தில் படுத்திருப்பது என்ன கெட்டிக்காரத்தனம்? பயம் வந்தால் விற்றுச் சேமநிதிக்கே திருப்பி விடுங்கள். பெரும்பாலான நிதிகளில் விற்பதற்குக் கட்டணம் கிடையாது. "திரும்பப் போட்டா மறுபடி 3 சதவீதம் ஆகுமே" என்று ஏஜெண்டு சொல்வார். உண்மைதான், ஏஜெண்டு வழி வந்தால் ஆகும். ஐம்பது வயதைத் தாண்டியவர் மறுபடி ஏன் வர வேண்டும் என்பதே நம் கேள்வி. வயதும் தெம்பும் இருக்கிற இளைஞர்கள் பிள்ளைகளின் உதவியோடு சேமநிதியின் ஐ-இன்வெஸ்ட் வழியாகத் தாங்களே போடலாம். 2019 முதல் உள்ள வசதி அது. அங்கே விற்பனைக் கட்டணம் அரை சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

அப்படியானால் மாற்றவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. ரொக்கமாகப் போட்ட பணம், மகளின் கல்லூரிக்கு இன்னும் இரண்டு ஆண்டில் தேவை என்றால், அதைப் பங்கு நிதியிலேயே விட்டு வைப்பது அபாயம். 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளியில் இருந்த குறியீடு 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262-க்கு விழுந்ததை நாட்டில் பலர் மறந்திருக்கலாம். நாம் மறக்கக் கூடாது. அத்தகைய பணத்தை அதே கம்பெனிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து தவணையில், பணச் சந்தை நிதிக்கு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பத்திர நிதியும் விழாது என்று நினைக்க வேண்டாம். 2022-ல் பேங்க் நெகாரா வட்டியை ஏற்றியபோது பத்திர விலைகள் இறங்கத்தான் செய்தன. நிதி தன் போக்கையே மாற்றிக்கொண்டாலும், நாலைந்து ஆண்டாகத் தன் சொந்த அளவுகோலுக்கே பின்னால் கிடந்தாலும் மாற்றலாம். போன மாதம் இறங்கிவிட்டது என்பது மட்டும் காரணமாகாது.

தோட்டம் விற்கப்பட்டு நட்ட ஈடு வாங்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 25 ஆண்டு உழைத்தவருக்கு இன்றைய குறைந்தபட்சக் கூலியிலேயே 32,000 வெள்ளிக்கு மேல் வரும். காசோலை வந்த வாரமே ஏஜெண்டும் வருவார். 5 சதவீதம் என்றால் 1,600 வெள்ளி அன்றைக்கே போய்விடும். சேமநிதியில் சொந்தமாக ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை கட்டலாம், கட்டணமே இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி 55 வயது வரை பூட்டிக் கிடக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். வீடு மாற, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய பணத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைப் பற்றிப் பேசுங்கள்.

வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. "அடுத்த தடவை அலைய வேண்டாம்ணே" என்பார்கள். ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் எஃப்.ஐ.எம்.எம். அமைப்பு இதைத் தடை செய்திருக்கிறது. அதைவிட மோசம், சேமநிதிக் கணக்கின் ரகசியச் சொல்லையும், கைத்தொலைபேசிக்கு வரும் எண்ணையும் ஏஜெண்டிடமே சொல்லிவிடுவது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்பதா? ஒரு கம்பெனியில் முதன்முதலாகப் பணம் போடுகிறவருக்கு மனம் மாறினால் ஆறு வேலை நாளுக்குள் திரும்பப் பெறும் உரிமை உண்டு. நிதி மாற்றுகிறவருக்கு அந்த உரிமை கிடையாது. போட்ட கையெழுத்து போட்டதுதான்.

இந்தப் பாரங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் வருகின்றன. கட்டணத்தை மட்டுமாவது தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கக் கம்பெனிகளுக்கு என்ன கஷ்டம்? நம்மிடம் விற்கத் தமிழ் பேசத் தெரிகிறது, கணக்குச் சொல்லத் தெரியாதா? இதைச் சங்கங்கள் சேர்ந்து கேட்க வேண்டும். கிளை அலுவலகங்களில் கணக்குப் படிக்கத் தெரிந்த ஒருவரை மாதம் ஒரு ஞாயிறு உட்கார வைப்பது நம் கையிலேயே இருக்கிறது. அதற்குக்கூட ஆள் இல்லை என்று செயற்குழுக்கள் சொல்வதை நாம் ஏற்கவில்லை.

ஏமாந்ததாக நினைப்பவர்கள் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் எஃப்.எம்.ஓ.எஸ். எனும் முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். புகார் செய்பவரிடம் பணம் வாங்குவதில்லை. போகும்போது ஒவ்வொரு மாற்றத்தின் சீட்டும் வேண்டும். ஆகவே அலமாரித் தகரப் பெட்டியில் கிடக்கும் கடிதங்களை எறிந்துவிடாதீர்கள். பிரித்துப் பார்க்காத உறையாக இருந்தாலும் சரி, அப்படியே கிளைக்குக் கொண்டு வாருங்கள்.